வீடே வண்டி, வண்டியே வீடு! - குளிர் வந்தால் கிளம்பிவிடும் தாத்தா பாட்டிகள்

காசிமேட்டில் ‘கேரவன்’ என்று சொல்லிப் பாருங்கள். “எந்தப் படம், யாரு ஹீரோ?” என்றுதான் அடுத்த கேள்வி வரும். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய வெள்ளை வண்டி ஏ.சி. ஓட நின்றால், ஷூட்டிங் நடக்கிறது என்று அர்த்தம். வட சென்னையைக் காட்டும் படங்கள் வர ஆரம்பித்த பிறகு இந்தக் காட்சி நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிப்போன ஒன்று.

அதே மாதிரி வண்டியை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் சொந்தமாக வாங்கி, அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, குளிர்காலம் நாலைந்து மாதத்தையும் ஊர் ஊராகக் கழிப்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் சாதாரணம். வண்டிக்கு ‘ஆர்.வி.’ என்று பெயர். வண்டிக்காரர்களுக்கு ‘ஸ்னோபேர்ட்ஸ்’, அதாவது பனிப்பறவைகள். அக்டோபரில் வடக்கே குளிர் தொடங்கும்போது தெற்கே கிளம்புவார்கள். ஏப்ரலில் பனி உருகியதும் திரும்புவார்கள். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளின் கணக்கேதான்.

‘கேட்க நல்லாத்தான் இருக்கு, நமக்கு இதெல்லாம் ஒத்துவருமா?’ என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். பார்ப்போம்.

படகுக்காரருக்குப் புரியும் கணக்கு

ஆர்.வி.யில் பல வகை. பஸ் மாதிரி ஒரே உடலாக இருப்பது ஒன்று. காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வண்டி ஒன்று. ‘ஃபிப்த் வீல்’ என்று இன்னொன்று. இந்தப் பெயரை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். முன்வண்டியின் முதுகில் வட்டமாக ஒரு தட்டு, அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும் டிரெய்லரின் இரும்புக் குச்சி. துறைமுகத்துக்குப் போகும் லாரியில் இருக்கும் அதே ஏற்பாட்டைச் சின்னதாக்கி, பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் பொருத்தி, கன்டெய்னருக்குப் பதில் வீட்டை மாட்டியிருக்கிறார்கள். பெரிய ஆர்.வி. என்றால் நீளம் 40 அடியைத் தொடும். பெரிய கன்டெய்னர் ஒன்றின் நீளமும் அதுதான்.

உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, குளியல் எல்லாம் உண்டு. நின்ற இடத்தில் பட்டனைத் தட்டினால் சுவரே வெளியே நீண்டு, ஹால் அகலமாகும் வண்டிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கும்போது சொகுசாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு நாள் முழுக்கக் கணக்குதான். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு ஒரு தொட்டி. நல்ல தண்ணீர் பெரும்பாலும் 150 லிட்டரிலிருந்து 400 லிட்டர் வரைதான். முதல் தொட்டி காலியானாலோ, மூன்றாவது நிரம்பினாலோ வண்டியைக் கிளப்பியே ஆகவேண்டும். கழிவைக் கொட்டுவதற்கென்று அரசும் தனியாரும் நடத்தும் இடங்கள் உண்டு. கையுறை மாட்டி, குழாயைச் சொருகி, மூக்கைப் பிடித்துக்கொண்டு தாத்தாதான் அதைச் செய்யவேண்டும். சினிமா கேரவனில் இதற்கு ஆள் இருப்பார்!

பதினைந்து நாள் கடலில் தங்கி வரும் விசைப்படகுக்காரர்களுக்கு இது எதுவும் புதிதாக இருக்காது. டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, குடிதண்ணீர் எத்தனை கேன், அரிசி, கேஸ் எத்தனை நாள் வரும் என்று கரையிலேயே கணக்குப் போட்டு ஏற்றுகிறவர்கள் அவர்கள். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடம் வரிசை வைத்துப் பழகிய நம் வீட்டுப் பெண்களுக்கும் ஒரு குடம் தண்ணீரில் எத்தனை வேலை முடிக்கலாம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாலைவனத்தில் ஒரு பேட்டை

இந்தப் பறவைகள் வந்து இறங்கும் இடங்களில் பேர்போனது அரிசோனா மாநிலத்தில் உள்ள குவார்ட்ஸைட். பாலைவனத்து நடுவில், சில ஆயிரம் பேர் வசிக்கும் சின்ன ஊர். கோடையில் வெயில் 45 டிகிரிக்கும் மேலே போகும். அப்போது யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. ஜனவரியிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். பெரிய கூடாரம் போட்டு ஆர்.வி. கண்காட்சி, பக்கத்திலேயே கல், மணி, பாசி விற்கும் சந்தை. சீசன் முழுக்க லட்சக்கணக்கில் ஆட்கள் வந்துபோகிறார்கள்.

ஏன் அங்கே? முதல் காரணம் வெயில். மினசோட்டா மாதிரி வட மாநிலங்களில் மைனஸ் 20 டிகிரி அடிக்கும்போது இங்கே பகலில் 20 டிகிரி. இரண்டாவது காரணம் காசு. பாலைவனம் பெரும்பாலும் மத்திய அரசின் நிலம். சாதாரணமாக அந்த நிலத்தில் ஒரே இடத்தில் 14 நாள்தான் இலவசமாகத் தங்கலாம். பிறகு இடம் மாறவேண்டும். வயதானவர்கள் நிம்மதியாகத் தங்கட்டும் என்று 1983-ல் சில இடங்களை நீண்டகாலத் தங்கலுக்கு ஒதுக்கினார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதத்துக்கும் சேர்த்துப் பல வருடங்களாக வாங்கிய கட்டணம் 180 டாலர்தான். அமெரிக்காவில் அந்தக் காசுக்கு ஹோட்டலில் ஒன்றிரண்டு ராத்திரி தங்கலாம். ஆனால், மின்சாரக் கம்பமோ வீட்டுக் குழாயோ கிடையாது. கூரையில் சோலார், உள்ளே பேட்டரி, அவரவர் பாடு.

பல்வலி வந்தால் என்ன செய்வார்கள்? இதுதான் எனக்குப் பிடித்த தகவல். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே யூமா என்ற ஊர். அதை ஒட்டி மெக்சிகோ எல்லை. எல்லையை நடந்தே தாண்டினால் லோஸ் அல்கோடோனெஸ். அந்தச் சின்ன ஊரில் நூற்றுக்கணக்கில் பல் டாக்டர்கள். ஊருக்குச் செல்லப் பெயரே ‘கடைவாய்ப்பல் நகரம்’. அமெரிக்க விலையில் ஒரு சிறு பங்குக்குப் பல் கட்டிக்கொண்டு, கண்ணாடி, மருந்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். வங்கதேசத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சென்னைக்கும் வேலூருக்கும் சிகிச்சைக்கு வருகிறவர்களைப் பார்த்த நமக்கு இது ஆச்சரியமில்லை. பணக்கார நாட்டுத் தாத்தாக்களும் அதையே செய்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

குவார்ட்ஸைட்டில் ஒரு கல்லறை இருக்கிறது. பிரமிடு வடிவம், உச்சியில் உலோக ஒட்டகம். ஹாஜி அலி என்பவருடையது. அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றைப் பழக்குவதற்காக வந்தவர். அந்த ஊர்க்காரர்கள் வாயில் ஹாஜி அலி ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டார்! அவர் அமெரிக்கா வந்ததாகக் கல்லறையில் பொறித்திருக்கும் வருடம் 1856. நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதும் அதே 1856-ல்தான். சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயம்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

எல்லோரும் ஜாலியாகப் போகவில்லை

படங்களில் பார்த்தால் வண்டி வாசலில் நாற்காலி போட்டு, சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள். அது பாதிக் கதை.

2008-ல் அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்தபோது வீட்டையும் சேமிப்பையும் இழந்த பலர், வாடகை கொடுக்க முடியாமல் வண்டிக்குள் குடியேறினார்கள். அறுபதைத் தாண்டிய பிறகும் அமேசான் கிடங்கில் தீபாவளி சீசன் மாதிரியான கிறிஸ்துமஸ் சீசனுக்குப் பெட்டி கட்டும் வேலை, கரும்புக்குப் பதில் அங்கே பயிராகும் சர்க்கரைக் கிழங்கு அறுவடை வேலை, முகாம் கழிவறைகளைக் கழுவும் வேலை என்று வேலையைத் துரத்தி வண்டியோட்டினார்கள். பத்திரிகையாளர் ஜெசிகா ப்ரூடர் இவர்களோடு பயணம் செய்து 2017-ல் எழுதிய புத்தகம்தான் ‘நோமேட்லேண்ட்’. அதைப் படமாக எடுத்த க்ளோயி ஜாவுக்கு 2021-ல் ஆஸ்கர் கிடைத்தது. சிறந்த படம் விருதும் அதற்கே. அந்தப் படத்தில் நிஜ வண்டிவாசிகளே நடித்திருப்பார்கள். பார்க்காதவர்கள் பாருங்கள். சொந்த விருப்பத்தில் கிளம்பியவரும் வேறு வழியில்லாமல் கிளம்பியவரும் ஒரே பாலைவனத்தில் பக்கத்துப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

அடுத்தது முகவரிப் பிரச்னை. வீட்டை விற்றுவிட்டு வண்டியோடு போனவருக்கு லைசென்ஸ், ஓட்டு, தபால் எல்லாம் எந்த ஊருக்கு? தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஒரு ராத்திரி தங்கிய ரசீது இருந்தால் போதும், அந்த ஊர்க்காரராகப் பதிந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. கனடாக்காரர்களுக்கு வேறு கட்டு. ஒன்டாரியோவில் அரசு மருத்துவக் காப்பீடு தொடரவேண்டும் என்றால் வருடத்தில் 153 நாளாவது மாநிலத்துக்குள் இருக்கவேண்டும். அதனால் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டேதான் சுற்றுகிறார்கள்.

நம் ஊர் பென்ஷன்காரர்களுக்கும் நவம்பரில் இப்படி ஒரு கட்டு உண்டு, ‘லைஃப் சர்ட்டிபிகேட்’. உயிரோடு இருக்கிறேன் என்று பேங்க்கில் போய் முகத்தைக் காட்ட வேண்டியிருந்தது. மத்திய அரசின் ‘ஜீவன் பிரமாண்’ 2014-ல் வந்தது. இப்போது செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். நவம்பரில் ஊரில் இருந்தே ஆகவேண்டும் என்ற காரணம் போய்விட்டது.

சாவியைக் கொடுக்கும் நாள்

ஒருநாள் கண் மங்கும். மூட்டு மடங்காது. இல்லாவிட்டால் இரண்டு பேரில் ஒருவர் படுத்துவிடுவார். பெரும்பாலும் பெரிய வண்டியை ஓட்டுவது அவர், வழி பார்ப்பதும் சமைப்பதும் இவர் என்று பிரித்து வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் படுத்தால் வீடே நடுவழியில் நின்றுவிடும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம், இருவரும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்பது. பெண்களுக்கென்றே தனி ஆர்.வி. ஓட்டுநர் வகுப்புகள் நடக்கின்றன.

இதற்கு ஒரு நல்ல வழியைக் கண்டுபிடித்தவர்கள் எஸ்கேப்பீஸ் என்ற சங்கத்தினர். ஜோ, கே பீட்டர்சன் தம்பதி 1978-ல் தொடங்கியது. டெக்சாஸ் மாநிலம் லிவிங்ஸ்டன் ஊரில் தலைமையகம். உறுப்பினர்களின் தபாலை வாங்கி, அவர்கள் நிற்கும் ஊருக்கு அனுப்பிவைக்கும் வேலையைச் செய்கிறது. அதைவிட முக்கியம், அங்கே உள்ள பராமரிப்பு மையம். இனி ஓட்ட முடியாது என்றானவர்கள் வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளலாம். வண்டியை விட்டு இறங்கி முதியோர் இல்லத்து அறைக்குப் போகவேண்டாம். தன் கட்டிலிலேயே தூங்கலாம். மூன்று வேளைச் சாப்பாடு, நர்ஸ் உதவி, டாக்டரிடம் அழைத்துப்போக வண்டி எல்லாம் மையத்தில் கிடைக்கும். கணவர் உடம்பு தேறி மறுபடி கிளம்பும் தம்பதியும் உண்டு, அங்கேயே தங்கிவிடுபவர்களும் உண்டு. ஆர்.வி. வாழ்க்கையைப் பற்றிப் படித்ததில் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஏற்பாடுதான் என் மனசில் நின்றது.

நம் குளிர்காலம் எது?

காசிமேட்டில் பனி பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை என்றால் நமக்கு மழையும் தேங்கிய தண்ணீரும்தான். 2023 டிசம்பரை மறக்க முடியுமா? 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு சேர்ந்து வந்த எண்ணெய், எண்ணூர் முகத்துவாரத்தில் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பிக்கொண்டது. அது காய்வதற்குள், 26-ம் தேதி நள்ளிரவில் எண்ணூரில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் பக்கம் ஜனங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடினார்கள். அந்த மாதிரி ராத்திரியில் முதலில் திண்டாடுவது ஆஸ்துமாவும் முட்டிவலியும் உள்ள வயதானவர்கள்தான். அமெரிக்காக்காரர் பனிக்குப் பயந்து கிளம்பினால், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பெரியவர்களுக்கு டிசம்பரில் நாலு நாள் வேறு ஊர் போவதற்குக் காரணம் இன்னும் வலுவாகவே இருக்கிறது.

ஆனால், கிளம்ப மாட்டார்கள். கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் கோயிலில் ஆதிபுரீஸ்வரருக்குக் கவசம் திறப்பார்கள். வருடத்தில் அந்த மூன்று நாள்தான் கவசமில்லாத சுவாமி தரிசனம். அதை விட்டுவிட்டு எங்கே போவது? அடுத்து மார்கழி, அடுத்து பொங்கல்.

நம்மவர்களில் பனிப்பறவைகள் இல்லாமல் இல்லை. மகனோ மகளோ நியூஜெர்சியிலும் டொரன்டோவிலும் இருக்கும் வீடுகளில், பெற்றோர் ஏப்ரல், மே மாதம் விமானம் ஏறுவார்கள். ஆறு மாத அனுமதி. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, அங்கே பனி விழுவதற்குள் ஊர் திரும்பிவிடுவார்கள். குளிருக்குத் தப்பும் கணக்கு ஒன்றுதான். என்ன, அமெரிக்கத் தாத்தா ஊர் சுற்றுகிறார், நம் தாத்தா டயப்பர் மாற்றுகிறார்!

ஊர் சுற்றுவதற்காகவே கிளம்பியவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள். கொச்சியில் ‘ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ்’ நடத்திய விஜயன் - மோகனா தம்பதி. கடையில் வேலையாள் வைக்கவில்லை. வைத்தால் சம்பளம் போகுமே! டீ ஆற்றுவது, பலகாரம் போடுவது, டம்ளர் கழுவுவது எல்லாம் இருவரே. தினமும் வருமானத்தில் 300 ரூபாய் தனியே எடுத்து வைப்பார்கள். அது போதாதபோது கடன் வாங்கிப் பயணம் போய், திரும்பி வந்து கடையில் நின்று கடனை அடைப்பார்கள். அடைந்ததும் அடுத்த பயணம். 2007-ல் தொடங்கி 26 நாடுகள் பார்த்தார்கள். போய்வந்த ஊர்களின் படங்கள் கடைச் சுவரில் தொங்கின. இவர்களைப் பற்றி வந்த ‘இன்விசிபிள் விங்ஸ்’ ஆவணப்படம் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கியது.

ஓய்வு பெற்ற பிறகு போகலாம் என்று இவர்கள் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். டீக்கடைக்காரருக்கு ஓய்வு வயது ஏது? கடல் தொழிலில் இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் அப்படித்தான். கடலுக்குப் போவதை நிறுத்தியவர் கரையில் வலை பின்னுவார், அவர் மனைவி மீன் கூடையோடு மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பார். ஆனால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஒன்று இருக்கிறதே, அந்த நாட்கள்தான் இங்கே ஊர் பார்க்கக் கிடைக்கும் ‘சீசன்’. கையில் காசு குறைவாக இருக்கும் சீசனும் அதுதான் என்பது வேறு விஷயம்.

சரி, வண்டி எடுக்கலாமா?

நம் ஊரில் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனுக்கு மோட்டார் வாகன விதிகளில் இடமுண்டு. டிராவலர் வேனை வீடாக மாற்றித்தரும் பட்டறைகள் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது ஒன்று, ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் மாற்றிய வண்டியால் பிறகு இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும். 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டி என்றால் சாதாரண கார் லைசென்ஸ் போதும். வயது 55-ஐத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் ஐந்தைந்து வருடத்துக்குத்தான் புதுப்பிக்கப்படும், டாக்டர் சான்றிதழும் வேண்டும்.

சிக்கல் வண்டியில் இல்லை, நிறுத்தும் இடத்தில். ராத்திரி பத்திரமாக நிறுத்தி, தண்ணீர் பிடித்து, கழிவைக் கொட்ட இடம் வேண்டுமே? கேரளா 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, அடுத்த வருடமே வாகமனில் முதல் கேரவன் பார்க்கைத் திறந்தது. அங்கே வாடகைக்கு வண்டி எடுத்து, டிரைவரோடு இரண்டு நாள் இருந்து பார்க்கலாம். பல லட்சம் போட்டு வண்டி வாங்குவதற்கு முன்னால் அந்த இரண்டு ராத்திரியை ஒருமுறை கழித்துவிடுங்கள். ஆறடி அகலத்துக்குள் ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா என்பது அப்போது தெரிந்துவிடும்!

இது எதுவும் கட்டுப்படியாகாதவர்களுக்கு எப்போதும்போல் ரயில்தான். அதிலும் 60 வயது ஆண்களுக்கு 40 சதவிகிதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவிகிதம் என்று இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனா சமயத்தில் நிறுத்தினார்கள். நிறுத்தியது கொரோனாவுக்காக என்றால், கொரோனா போன பிறகு கொடுத்திருக்க வேண்டும். பென்ஷன் இல்லாத வீடுகளில் இரண்டு டிக்கெட்டுக்குப் பதில் ஒன்றாகி, “நீங்க மட்டும் போய்ட்டு வாங்க” என்று அம்மாக்கள் வீட்டில் தங்கிவிடுவது இதனால்தான்.

தமிழக அறநிலையத்துறை, முதியவர்களை இலவசமாக ராமேஸ்வரம் - காசி யாத்திரைக்கும் அறுபடை வீடுகளுக்கும் அழைத்துப்போகிறது. சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் துறையின் பொறுப்பு. விருப்பமுள்ளவர்கள் பக்கத்துக் கோயில் அலுவலகத்தில் விசாரியுங்கள். வயது 60-லிருந்து 70-க்குள் இருக்கவேண்டும்.

கொச்சி விஜயன், 2021 அக்டோபரில் மனைவியோடு ரஷ்யா போய்வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். திரும்பி வந்து கடையைத் திறந்தார். நவம்பர் 19-ம் தேதி மாரடைப்பில் போய்விட்டார்.